வீட்டுக்குள் ‘டவர்’ கிடைக்கவில்லையா?
பிராட்பேண்டு வழியே பேசும் முறையும் பழுது காணும் வகையும்

(சைதாப்பேட்டையில் உழவர் பெருமக்கள் முன் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இந்தச் சைதாப்பேட்டை வேளாண்மைக்குப் புதிய ஊர் அன்று. 1868-ஆம் ஆண்டிலேயே இங்கு வேளாண்மைப் பள்ளி தொடங்கப்பெற்றது. 1906-இல் அது கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. அங்கே கல்லூரியாக வளர்ந்து, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. அந்த நாளில் ஒரு புதிய விதையைப் பற்றியோ எருவைப் பற்றியோ இங்கிருந்து செங்கற்பட்டுக்குச் செய்தி போக வேண்டுமானால், தபால் போக வேண்டும் அல்லது ஆள் போக வேண்டும். இன்று நம் சட்டைப் பையிலேயே கைப்பேசி இருக்கிறது. சந்தை விலை அதில் வருகிறது. மழை எச்சரிக்கை அதில் வருகிறது. பி.எம். கிசான் தவணைக்கும் வங்கிக் கணக்குக்கும் வேண்டிய ஓ.டி.பி. எண் அதில்தான் வருகிறது.

ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் ‘டவர்’ போய்விடுகிறது என்று பலர் குறைப்படுகிறீர்கள். மாடிக்கு ஓடுகிறோம், தெருவுக்கு ஓடுகிறோம். அதற்குள் ஓ.டி.பி. காலாவதியாகி விடுகிறது. இரவில் ஓர் அவசரம் என்றால் சொல்லவே வேண்டாம். இந்தக் குறையைப் போக்கப் பிராட்பேண்டு இணைப்பை எப்படிப் பயன்படுத்துவது, அது சரிவர வேலை செய்யாவிட்டால் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையே இன்று சொல்ல வந்தேன்.

வீட்டுக்குள் ஏன் கிடைப்பதில்லை?

கோபுரத்திலிருந்து வருவது வானொலி அலை. அது ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் ஓரளவு நுழையும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம், தகரக் கூரை, இரும்புக் கதவு, கனத்த சுவர் ஆகியவை அதைத் தடுக்கும். சைதாப்பேட்டைச் சந்துகளில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. கோபுரம் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் தரைத்தளத்து உள்ளறையில் ஒரு கோடுகூடக் காட்டாது. கிராமத்தில் நிலைமை வேறு. அங்கே சுவர் குறைவு, ஆனால் கோபுரம் தொலைவில் இருக்கிறது. காரணம் வேறானாலும் விளைவு ஒன்றே.

மூன்று வழிகள்

இக்குறைக்கு மூன்று வழிகள் பேசப்படுகின்றன.

முதலாவது, கடைகளில் ‘பூஸ்டர்’ என்று விற்கும் பெருக்கி. மாடியில் ஓர் ஆன்டெனா, வீட்டுக்குள் ஓர் ஆன்டெனா, நடுவில் ஒரு பெட்டி. இதை வாங்கவே வாங்காதீர்கள். வானொலி பெறும் பெட்டிக்கே தபால் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்டிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இந்தப் பெருக்கியோ அலையைப் பரப்பவும் செய்கிறது. உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனம் தவிர வேறெவரும் இதை வைத்திருப்பதும், விற்பதும், பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2022-ஆம் ஆண்டில் தெளிவாக அறிவித்தது. 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் அதைத்தான் சொன்னது, 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

சட்டத்துக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. கோயில் திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு அருகில் கொண்டுபோனால் ‘கீச்’ என்று அலறுகிறதல்லவா? இந்தப் பெருக்கியின் இரு ஆன்டெனாக்களும் நெருங்கி இருந்தால் அதே அலறல் வானொலி அலையில் எழும். நம் காதுக்கு அது கேட்காது. கோபுரத்துக்குக் கேட்கும். அந்தக் கோபுரத்தை நம்பியிருக்கும் தெருவிலுள்ள அத்தனை பேரின் பேச்சும் அறுபடும். நம் வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்று பொது மடையை உடைப்பதற்கு ஒப்பான செயல் இது.

இரண்டாவது, பிராட்பேண்டில் இணைக்கும் சிறு நிலையம். இதை ‘ஃபெம்டோசெல்’ என்பார்கள். இது தொலைபேசி நிறுவனமே தரும் குட்டிக் கோபுரம். பிரிட்டனில் வோடஃபோன் நிறுவனம் 2010-ஆம் ஆண்டையொட்டி வீடுகளுக்கு இதை விற்றது. நம் நாட்டில் வீட்டுக்கு வீடு இது பரவவில்லை. மூன்றாவது வழி வந்ததும் வெளிநாடுகளிலும் இதன் தேவை குறைந்து போயிற்று.

மூன்றாவது வழி வைஃபை அழைப்பு. இதற்குத் தனிப் பெட்டி எதுவும் வேண்டாம். வீட்டிலுள்ள பிராட்பேண்டு ரூட்டரும், இவ்வசதியுள்ள கைப்பேசியும் போதும். நம் நாட்டில் ஏர்டெல் நிறுவனம் 2019 டிசம்பரிலும், ஜியோ நிறுவனம் 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. உங்கள் சிம் நிறுவனம் உங்கள் பகுதியில் இதைத் தருகிறதா, உங்கள் கைப்பேசிக்கு இது உண்டா என்று வாடிக்கையாளர் சேவையில் கேட்டறியுங்கள். பேசுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை, வழக்கமான அழைப்பாகவே அது கணக்கில் சேரும். உங்கள் எண்ணும் மாறாது. எதிரில் பேசுபவரிடம் வைஃபை இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சிம் ஒரு நிறுவனத்தினுடையதாகவும் பிராட்பேண்டு வேறு நிறுவனத்தினுடையதாகவும் இருக்கலாம்.

அழைப்பு போகும் பாதை

கிணற்றிலிருந்து கடைமடை வரை வாய்க்காலில் தண்ணீர் போவதுபோல் அழைப்பும் ஒரு பாதையில் போகிறது. கைப்பேசியிலிருந்து வைஃபை மூலம் ரூட்டருக்கு, ரூட்டரிலிருந்து கண்ணாடி இழைக் கேபிள் வழியாகப் பிராட்பேண்டு நிறுவனத்துக்கு, அங்கிருந்து இணையம் வழியாக உங்கள் சிம் நிறுவனத்தின் வாயிலுக்கு. அந்த வாயில்வரை கைப்பேசி ஒரு மூடிய குழாயை அமைத்துக்கொள்கிறது. பேச்சு அதற்குள் பத்திரமாகப் போகிறது.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நாம் உடனே புது மோட்டார் வாங்குவதில்லை. வாய்க்காலின் மேல் நடந்து, எதுவரை தண்ணீர் வருகிறது, எங்கே நின்றுவிட்டது என்று பார்க்கிறோம். இங்கும் அதே முறைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியாயிற்று என்பது தெரியாது.

பழுது காணும் படிகள்

1. விளக்குகளைப் பாருங்கள். கண்ணாடி இழைக் கேபிள் வந்து சேரும் பெட்டியில் சிறு விளக்குகள் உண்டு. ‘பவர்’ எரிய வேண்டும். ‘பான்’ என்னும் விளக்கு பச்சையாக, சிமிட்டாமல் எரிய வேண்டும். ‘எல்.ஓ.எஸ்.’ என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால் அல்லது சிமிட்டினால் கேபிள் வழியே ஒளி வரவில்லை என்று பொருள். எலி கடித்திருக்கலாம், மரக்கிளை முறித்திருக்கலாம், சுவரோரம் கேபிள் மடங்கியிருக்கலாம். இது நாம் சரிசெய்வதன்று. உடனே புகார் செய்ய வேண்டியது. கழன்ற கேபிளின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கேடு செய்ய வல்லது.

2. இணையம் வருகிறதா எனப் பாருங்கள். கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்து, வைஃபையில் மட்டும் ஏதேனும் ஒரு செய்திப் பக்கத்தைத் திறவுங்கள். திறக்கவில்லை என்றால் பெட்டியையும் ரூட்டரையும் அணைத்து, இரண்டு நிமிடம் பொறுத்து மீண்டும் போடுங்கள். அப்போதும் வராவிட்டால் பழுது பிராட்பேண்டு பக்கம். கைப்பேசியை நோண்டிப் பயனில்லை.

3. பேசும் இடத்தில் வைஃபை வலுவாக இருக்கிறதா எனப் பாருங்கள். ரூட்டரை அலமாரிக்குள், டி.வி.க்குப் பின்னால், இரும்பு பீரோ மேல் வைக்கக் கூடாது. வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பது நலம். பெரும்பாலான ரூட்டர்களில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைகள் உண்டு. முன்னது சுவரைத் தாண்டித் தூரம் போகும். பின்னது வேகம் மிக்கது, ஆனால் சுவரில் தளர்ந்துவிடும். தூர அறைக்கு 2.4 ஏற்றது. சைதாப்பேட்டை போன்ற நெருக்கமான இடத்தில் பத்து வீட்டு வைஃபையும் அந்த 2.4-இலேயே மோதிக்கொள்ளும். அப்போது ரூட்டரின் சேனலை 1, 6, 11 ஆகியவற்றுள் நெரிசல் குறைந்த ஒன்றுக்கு மாற்றச் சொல்லுங்கள். அதே அறையில் இருப்பவர்களுக்கு 5 நல்லது.

4. கைப்பேசியின் அமைப்பைப் பாருங்கள். ‘வோல்ட்இ’, ‘வைஃபை காலிங்’ ஆகிய இரண்டும் திறந்திருக்க வேண்டும். இரண்டு சிம் போட்டிருந்தால் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். பிறகு ஒரு சோதனை செய்யுங்கள். விமான நிலையை, அதாவது ‘ஏரோப்ளேன் மோடு’ என்பதைப் போடுங்கள், கோபுரத் தொடர்பு அறுந்துவிடும். அதன்பின் வைஃபையை மட்டும் திறந்து ஒருவரை அழையுங்கள். அழைப்பு போனால் வைஃபை வழி சரியாக இருக்கிறது என்று முடிவு செய்யலாம். அப்படியானால் முன்பு ஏன் போகவில்லை? கோபுரம் அரைக்கோடு, கால்கோடு என்று வந்து வந்து போவதால் கைப்பேசி அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. சில கைப்பேசிகளில் ‘வைஃபைக்கு முதலிடம்’ என்னும் பொருளில் ஒரு தேர்வு உண்டு. அதைத் தேர்ந்துவிட்டால் இத்தொல்லை தீரும்.

5. நடுவழியில் அடைப்பு உண்டா எனப் பாருங்கள். இணையம் வருகிறது, வைஃபை வலுவாக இருக்கிறது, ஆனாலும் நான்காவது படியில் சொன்ன சோதனையில் அழைப்பு போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போது மாடிக்குப் போய், வேறொருவர் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் உங்கள் கைப்பேசியை இணைத்து, அதே விமான நிலைச் சோதனையைச் செய்யுங்கள். அங்கே அழைப்பு போனால் உங்கள் கைப்பேசியும் சிம்மும் நலம், அடைப்பு வீட்டு ரூட்டரிலோ பிராட்பேண்டிலோதான் என்பது தெளிவு. அங்கேயும் போகாவிட்டால் கைப்பேசியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள், பின் சிம் நிறுவனத்தைக் கேளுங்கள். கைப்பேசியில் ‘வி.பி.என்.’ என்னும் செயலி ஓடினால் அதை நிறுத்தி ஒருமுறை பாருங்கள். ரூட்டரில்தான் அடைப்பு என்றால், சரிசெய்ய வருபவரிடம் “யு.டி.பி. 500, 4500 ஆகிய இரண்டு போர்ட்டும் திறந்திருக்கிறதா?” என்று கேளுங்கள். நான் சொன்ன மூடிய குழாய் அந்த இரண்டு மதகுகள் வழியாகத்தான் போகிறது. அவை அடைபட்டால் படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், அழைப்பு மட்டும் போகாது.

வேகம் போதும், சீராக வருகிறதா?

இங்கே சைதாப்பேட்டையில் நான் கண்ட ஒரு வீட்டைச் சொல்கிறேன். தந்தை மதுராந்தகம் பக்கத்தில் பயிர் செய்பவர். மகன் இங்கே ஒரு சந்தில் தரைத்தளத்தில் குடியிருக்கிறார். ஊரிலிருந்து கூப்பிட்டால் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்றுதான் பதில் வரும். “தம்பி, உன்னைப் பிடிக்கிறதுக்குள்ள ரயிலேறி நேரே வந்திடலாம்பா” என்பாராம் தந்தை. மகன் வைஃபை அழைப்பைத் திறந்தார். அழைப்பு வந்தது, ஆனால் பேச்சு வெட்டி வெட்டிக் கேட்டது. பிராட்பேண்டு வேகம் போதவில்லை என்று எண்ணி அதிகக் கட்டணத் திட்டத்துக்கு மாறினார். அதிலும் தீரவில்லை. கடைசியில் பூஸ்டர் வாங்கும் முடிவுக்கு வந்துவிட்டார்.

உண்மையில் ஓர் அழைப்புக்கு வேண்டிய வேகம் மிகக் குறைவு. நொடிக்கு 100 கிலோபிட் அளவே போதும். 30 மெகாபிட் இணைப்பில் அது முந்நூறில் ஒரு பங்குதான். பேச்சுக்கு வேகத்தைவிடச் சீரான ஓட்டமே முக்கியம். சொட்டுநீர்ப் பாசனத்தில் துளி சிறிது, ஆனால் விடாமல் விழ வேண்டும். ஒரு நாழிகை வெள்ளமும் மறு நாழிகை வறட்சியும் பயிருக்கு ஆகாது. அந்த வீட்டில் ரூட்டர் இரும்பு பீரோவின் மேல், சுவர் மூலையில் இருந்தது. கைப்பேசியோ 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்து, இரண்டு சுவருக்கு அப்பால் தத்தளித்தது. முதலில் ரூட்டரைக் கூடத்துச் சுவருக்கு மாற்றினோம். பேச்சு பெரிதும் தெளிந்தது. அடுத்துக் கைப்பேசியை 2.4-க்கு மாற்றினோம். இருந்த சிறு வெட்டும் நின்றது. செலவு இரண்டு ஆணியும் நாலு முழம் கேபிளும். பூஸ்டர் வாங்கியிருந்தால் பணமும் போயிருக்கும், சந்து முழுவதற்கும் கேடும் வந்திருக்கும்.

பேசிக்கொண்டே வெளியே போனால்?

வெளியே 4ஜி கோபுரம் நன்றாகக் கிடைத்தால் அழைப்பு அறுபடாமல் அதற்கு மாறிவிடும். கிடைக்காவிட்டால் வாசலோடு அறுந்துவிடும். முக்கியமான பேச்சு என்றால் உள்ளேயே இருந்து முடித்துவிடுங்கள். ஓ.டி.பி. குறுஞ்செய்தி சில கைப்பேசிகளில் வைஃபை வழியே வந்துவிடும், சிலவற்றில் வராது. வங்கி வேலைக்கு உட்காரும் முன், விமான நிலையில் ஒரு குறுஞ்செய்தி வரச் செய்து உங்கள் கைப்பேசியை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பம்புசெட்டுக்கு இது உதவாது

மொபைல் ஸ்டார்ட்டர் பொருத்தியவர்கள் பலர் இருக்கிறீர்கள். வீட்டு வைஃபை கிணற்றடிக்கு எட்டாது. அந்தக் கருவி தன்னுள் உள்ள சிம்மைக் கொண்டு கோபுரத்தோடுதான் பேசும். அங்கே குறை இருந்தால் கருவியின் ஆன்டெனா இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறதா என்று பாருங்கள். அதை வெளியே எடுத்து உயரத்தில் பொருத்தினாலே பல இடங்களில் சரியாகும். மின்சாரத்தை நிறுத்திய பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். அதற்கும் சரியாகாவிட்டால், கிணற்றடியில் எந்த நிறுவனத்தின் தொடர்பு நன்றாக உள்ளது என்று அண்டை அயலார் கைப்பேசிகளை வைத்துப் பார்த்து, அந்தச் சிம்மைப் போடுங்கள்.

மின்சாரம் போனால் பேச்சும் போகும்

2015 டிசம்பர் முதல் வாரத்தை இந்த ஊரார் மறக்க மாட்டார்கள். அடையாறு கரை கடந்து சைதாப்பேட்டையின் தாழ்ந்த பகுதிகளில் வீடுகள் மூழ்கின. மின்சாரம் நின்றது, பல இடங்களில் தொலைபேசித் தொடர்பும் நின்றது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தபோதும் இதே கதிதான். உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று அறிய முடியாமல் தவித்தவர்கள் உண்டு.

ஆகவே ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். வைஃபை அழைப்பு நம் வீட்டு மின்சாரத்தை நம்பியது. மின்சாரம் போனால் ரூட்டர் அணையும், அழைப்பும் அணையும். ரூட்டருக்கென்றே சிறு யு.பி.எஸ். கிடைக்கிறது. பெரும்பாலான ரூட்டர்கள் 12 வோல்ட்டில் இயங்குபவை. உங்கள் ரூட்டரின் அடியில் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்து அதற்குப் பொருந்துவதையே வாங்க வேண்டும். கேபிள் வந்து சேரும் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் மின்சாரம் தேவை என்பதை மறக்காதீர்கள். இதன்றி, வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட சாதாரணப் பொத்தான் கைப்பேசி ஒன்றை முழுச் சார்ஜில் வைத்திருங்கள்.

அவசர அழைப்பு எண் 112. கோபுரத்தின் வழியாகப் போகும் இந்த அழைப்பு, உங்கள் சிம் நிறுவனத்தின் தொடர்பு இல்லாவிட்டாலும் அருகிலுள்ள வேறு நிறுவனக் கோபுரத்தின் மூலம் போகக்கூடியது. ஆகவே அவசரத்தில் வைஃபையை மட்டும் நம்பாமல், முடிந்தால் மாடிக்கோ வாசலுக்கோ வந்து கூப்பிடுங்கள். எடுத்தவுடன் ஊர், தெரு, கதவு எண்ணைச் சொல்லுங்கள். வைஃபை வழிப் பேச்சில் நீங்கள் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியும் என்று எண்ணிவிட வேண்டாம்.

புகார் செய்யும் முறை

“போன் வேலை செய்யவில்லை” என்று மட்டும் சொன்னால் எதிரிலிருப்பவர் அணைத்துப் போடச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். மேலே சொன்ன படிகளில் எதுவரை சரி, எங்கே தவறு என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு பேசுங்கள். “எல்.ஓ.எஸ். சிவப்பாக இருக்கிறது” என்றோ, “ஹாட்ஸ்பாட்டில் அழைப்பு போகிறது, உங்கள் இணைப்பில் போகவில்லை” என்றோ சொன்னால் வேலை விரைவில் நடக்கும். கைப்பேசி நிறுவனத்துக்குப் புகார் செய்ய 198 என்னும் எண் உண்டு. புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்து வையுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் அந்த எண்ணைக் கொண்டுதான் முறையிட வேண்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

• பெருக்கியை வாங்காதீர்கள். அது சட்டத்துக்கும் அயலாருக்கும் பகை.
• விளக்கு, இணையம், வைஃபை, கைப்பேசி, நடுவழி என வரிசையாகப் பாருங்கள்.
• ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்யுங்கள்.
• அதிகக் கட்டணத் திட்டத்துக்கு மாறும் முன் ரூட்டரின் இடத்தை மாற்றிப் பாருங்கள்.
• மழைக்காலத்துக்கு முன்பே மின்சாரத்துக்கு மாற்று ஏற்பாடு செய்யுங்கள்.

உழவர் பெருமக்களே! உழவர் அழைப்பு மையம் 2004 ஜனவரி முதல் நமக்காக இயங்கி வருகிறது. 1800-180-1551 என்னும் அதன் எண்ணுக்குக் கட்டணம் இல்லை, நம் மொழியிலேயே விடை தருகிறார்கள். இன்றிரவு வீடு திரும்பியதும் விமான நிலைச் சோதனையைச் செய்து பாருங்கள். அழைப்பு போகிறது என்று கண்டால், நாளைக் காலை உள்ளறையிலிருந்தே அந்த எண்ணுக்குப் பேசி உங்கள் பயிரின் ஐயத்தைக் கேளுங்கள். போகவில்லை என்றால் வாய்க்காலின் மேல் நடப்பதுபோல் நிதானமாக நடந்து, உடைப்பு இருக்கும் இடத்தைக் கண்டு அடையுங்கள்.